நெருக்கமான ஜெபக்குழுவை வெளியே திருப்புவது எப்படி? எல்லையோர அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பனச்சமூடு_பையன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் களியக்காவிளைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில். ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, கொஞ்சம் நடந்தால் கேரளக் கார்டு. சேகரத்தில் (ஒரு ஆயரின் கீழ் உள்ள சபை வட்டாரத்தில்) ஏரியா ஜெபக்குழுக்கள் பல உண்டு. எங்களுடையது வெள்ளிக்கிழமை ராத்திரி, வீடு வீடாக முறை வைத்து நடக்கும். பத்துப் பன்னிரண்டு குடும்பம். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம், மீதிப் பேர் பிறகு சம்பந்தி ஆனவர்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், டீச்சர்கள், ஒரு கொத்தனார், கணவன் கல்ஃபில் இருக்கும் அக்காமார்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்சுக்கு முன்னால் எங்கள் ஆள் வந்து நிற்பார். கல்யாண வீட்டில் காய் நறுக்குவதில் இருந்து அடக்கத்துக்குப் பெட்டி சொல்வது வரை எல்லாம் குழுதான்.

ஆனால் புதிதாக யாரும் ஒட்டமாட்டேன் என்கிறார்கள். பாங்க் வேலைக்கு மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் சில வாரம் வந்தது, நின்றுவிட்டது. கேட்டால் பிள்ளைக்கு டியூஷன் என்கிறார்கள். எங்கள் தெருமுனையில் வரிசை அறைகளாகக் கட்டிய லைன் வீட்டில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, வங்காளப் பையன்கள் இருக்கிறார்கள். ஒருவன் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. ஜெபத்தில் மட்டும் ‘எங்கள் தெருவை ஆசீர்வதியும்’ என்று வாரம் தவறாமல் சொல்கிறோம்.

ஆயரிடம் கேட்டேன். குழுவை இரண்டாகப் பிரியுங்கள் என்றார். கூட்டத்தில் சொன்னதும் பலருக்கு முகமே மாறிவிட்டது. வாலிபப் பையன்கள் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போவோம் என்கிறார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

ரப்பர்_ஷீட்

தம்பி, முதலில் உள்ளதைக் கெடுத்துவிடாதே.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது என் தோட்டத்தில் வெட்டுப் பருவத்தில் நின்ற மரங்கள் முறிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கரண்ட் இல்லை, கிணற்றில் மோட்டார் ஓடவில்லை. கடற்கரைக்காரர்களுக்குப் போன உயிர்களை நினைத்தால் நம் மரத்தைப் பற்றி வாய் திறக்கவே கூச்சமாக இருந்த நேரம். அப்போது ஏழு மணிக்கு முன்னால் வெட்டுக்கத்தியோடு வாசலில் நின்றது எங்கள் ஜெபக்குழு. கூப்பிடவில்லை, வந்தார்கள். அந்த மாதிரி உறவு பத்துப் பதினைந்து வருடம் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வரும். ‘வெளியே பார்க்கிறோம்’ என்று ஆளாளுக்குத் திசைக்கு ஒன்றாகப் போய்விட்டால் அடுத்த காற்றுக்கு யார் வருவது?

இப்போது எல்லா சபையிலும் இதே பேச்சுதான். வெளியே, வெளியே என்று. உள்ளே இருக்கிற விதவையின் வீட்டுக் கூரை ஒழுகும், வெளியே போர்வை கொடுத்து போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள்.

வந்துபோனவன்

நான் அந்த பாங்க் குடும்பம் இல்லை. ஆனால் கதை அதுவேதான்.

திருநெல்வேலிக்காரன். வேலைக்காகக் குலசேகரம் பக்கம் வந்தபோது பக்கத்தில் நடந்த ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

பிறகு ஒருவர் ‘அந்தப் பாட்டே படிப்போம்’ என்றார். எந்தப் பாட்டு என்று எங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். புத்தகம் இல்லை, எண் சொல்லவில்லை. விண்ணப்ப நேரத்தில் ‘கொச்சுமோனுக்க அந்தக் காரியம்’, ‘மேல வீட்டு விஷயம்’ என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். என்ன காரியம், எந்த மேல வீடு என்று இன்றுவரை தெரியாது. வசனம் படித்தபின் ஒரு சிரிப்பு வந்தது. எப்போதோ யாரோ அந்த வசனத்தைத் தப்பாகப் படித்த பழைய கதையாம். விளக்கிச் சொல்ல ஆரம்பித்து, ‘அது உங்களுக்குப் புரியாது’ என்று பாதியில் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் சாயா. ஆண்கள் திண்ணையில், பெண்கள் அடுக்களையில். எந்தத் தட்டை எங்கே எடுப்பது, டம்ளர் எந்த அலமாரியில் என்று அங்கே நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. என் மனைவி கை நீட்டும்போதெல்லாம் ‘நீங்க இரிங்க, நீங்க இரிங்க’ என்றார்களாம். ஒரு மாதம் கழித்து அவள்தான் சொன்னாள், ‘எப்பப் போனாலும் விருந்துக்கு வந்தவ மாதிரியே நிக்க வேண்டியிருக்கு’ என்று. அதோடு நின்றோம். டியூஷன் என்றுதான் நாங்களும் சொன்னோம்!

ஆகவே, பனச்சமூடு தம்பி, நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் பாட்டுப் புத்தகத்தில் நாலு பிரதி கூடுதலாக வாங்கி வையுங்கள். வந்தவர் கையில் முதல் வாரமே ஒரு வேலையைக் கொடுங்கள். டம்ளர் கழுவுகிற வேலையாக இருந்தாலும் சரி.

மேல்புறத்து_அக்கா

சாயா பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

எங்கள் குழுவில் ஆரம்பத்தில் கட்டன்சாயாவும் (பால் விடாத டீ) பிஸ்கட்டும்தான். ஒரு வீட்டில் பழம்பொரி போட்டார்கள். அடுத்த வீட்டுக்காரிக்குப் பொறுக்குமா? பழம்பொரியோடு உளுந்துவடை. அதற்கடுத்து புட்டும் கடலைக்கறியும். பிறகு ஒரு கல்ஃப் வீட்டில் ஆப்பமும் கோழிக்கறியும் வந்தது. இனி பிரியாணிதான் பாக்கி என்று நாங்களே சிரித்தோம்.

சிரிக்காத ஒரு வீடு இருந்தது. முந்திரி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலையில், வேலை பார்க்கும் பெண்ணுடைய வீடு. அவளுடைய முறை வந்தபோது வீட்டில் பெயின்ட் அடிக்கிறோம் என்றாள். அடுத்த முறை மாமியாருக்குச் சுகமில்லை. அதற்கடுத்த முறைக்கு முன்னாலேயே ஆளே வருவதில்லை. இத்தனைக்கும் அவள் வெளியாள் இல்லை, எங்களோடு ஓய்வுநாள் பள்ளியில் படித்தவள். சொந்தக்காரியையே இப்படித் தள்ளிவிட்டால், லைன் வீட்டுப் பையன்களை எங்கே போய் உட்காரவைப்பது?

எங்கள் குழுவில் மூத்த ஒரு அம்மச்சி இருக்கிறார்கள். ஒருநாள் ஜெபம் முடிந்ததும் எழுந்து, ‘இனி எந்த வீட்டிலயும் கட்டன்சாயா மட்டும். அதுக்கு மேல வச்சா நான் வரமாட்டேன்’ என்றார்கள். முனகல் வந்தது. ஆனால் அம்மச்சி வராத ஜெபத்தை நடத்த யாருக்குத் தைரியம்? முந்திரி ஆபீஸ்காரி திரும்ப வந்துவிட்டாள். இப்போது அவள் வீட்டு முற்றத்தில்தான் கூட்டம் அதிகம், ஏனென்றால் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரிகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

கம்பம்மெட்டு_ஜீப்

நேரத்தையும் பாருங்கள். எங்கள் தேனி மாவட்டப் பக்கத்தில் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் ஏராளம். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். எங்கள் பெண்கள் ஜெபம் புதன்கிழமை காலை பதினொன்றுக்கு. ‘தோட்டத்துக்குப் போறவங்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று வருஷக்கணக்காகக் குறை வேறு. பதினொரு மணிக்கு அவர்கள் ஏலச்செடிக்குள் குனிந்து காய் பறித்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றினோம், வந்தார்கள். இதில் பெரிய ஆவிக்குரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

பனச்சமூடு_பையன்

வந்துபோனவன் அண்ணன் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ‘நம்ம அடுக்களையும் அதே அடுக்களைதான்’ என்றாள்.

ரப்பர்_ஷீட் சித்தப்பா (வயதை ஊகித்து அப்படிக் கூப்பிடுகிறேன்), உள்ளதைக் கெடுக்க எனக்கும் மனசில்லை. அதனால்தான் கேட்கிறேன். வருகிறவரை நன்றாகச் சேர்த்துக்கொள்வது ஒரு பக்கம், சரி. வரவே போகாதவர்களை என்ன செய்வது? லைன் வீட்டுப் பையன்கள் தமிழ் ஜெபத்துக்கு வந்து உட்காரப் போவதில்லை.

கிழக்கேவீடு

நான் இந்து. மழை நிலவர இழைக்காக இங்கே வருகிறவன், தலைப்பைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். பேசலாம் என்றால் பேசுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே இதே மாதிரி ஒரு ஜெபக்கூட்டம் நடக்கும். நல்ல மனிதர்கள். ஆனால் பக்கத்து வீட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். அன்றைக்குச் சந்து முழுக்க பைக். என் அப்பாவை டயாலிசிஸ் முடித்து ஆட்டோவில் கொண்டுவந்தால் ஆட்டோ உள்ளே வராது. இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் எதற்கு சவுண்ட் பாக்ஸ் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது, அது வேறு விஷயம். ஒன்பது மணிக்கே என் மகள் காதைப் பொத்திக்கொண்டு பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தாள். எங்கள் கோவில் கொடையிலும் குழாய் கட்டுகிறார்கள், அதையும் நான் இதே வாயால்தான் திட்டுகிறேன்.

நோட்டீஸ் வேண்டவே வேண்டாம். 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த தலைமுறை எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது, உங்கள் வீடுகளிலும் இருக்கும். நோட்டீசோடு நாலு பேர் படியேறினால் என் அம்மாவுக்கு முதலில் வருவது பயம். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆனால் அப்பா இறந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்து ஆட்கள் வந்தார்கள். பந்தலுக்கு நாற்காலி இறக்கினார்கள், வந்தவர்களுக்குக் கட்டன்சாயா போட்டார்கள், ஒருவர் விடிய விடிய ரோட்டில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். சடங்கு நடந்தபோது ஒதுங்கி நின்றார்கள், முடிந்ததும் திரும்ப வேலைக்கு வந்தார்கள். யாரும் எதுவும் ‘சொல்ல’வில்லை. அதன்பிறகு அந்த சவுண்ட் பாக்ஸைப் பற்றி நேரில் போய்ப் பேச எனக்கே தைரியம் வந்தது. பேசினேன், எடுத்துவிட்டார்கள்.

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. மதமாற்றச் சட்டம், 82 யார் தொடங்கியது போன்றவற்றுக்குத் தனி இழை இருக்கிறது. அது தொடர்பான ஆறு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன்.

பாறசாலை_நர்ஸ்

நான் கேரளப் பக்கத்தில் இருப்பவள். வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம்.

தம்பியின் கேள்விக்கு என் பதில்: நீங்களாக எதையும் தொடங்காதீர்கள். தொடங்கினால் அது உங்கள் நிகழ்ச்சி ஆகிவிடும். பேனர் உங்களுடையது, மைக் உங்களுடையது, வருகிறவன் எப்போதும் உங்கள் விருந்தாளி. ஏற்கெனவே மற்றவர்கள் நடத்துகிற ஒரு நல்ல காரியத்தில் போய், அவர்கள் சொல்கிற வேலையைச் செய்யுங்கள். எங்கள் குழு அப்படித்தான் பாலியேட்டிவ் வேலைக்குள், அதாவது நாள்பட்ட நோயில் கிடப்பவர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குள், வந்தது.

தெரியாதவர்களுக்காக: கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து ஆரம்பித்த வலி நிவாரண மையம்தான் இதற்கு வேர். ஆஸ்பத்திரியில் மட்டும் வைத்துச் செய்தால் படுக்கையில் கிடப்பவரை எட்ட முடியாது என்று கண்டு, அந்தந்த ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாகப் பழக்கினார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. இந்தியாவில் முதல் மாநிலம். இப்போது உள்ளாட்சிகள் மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். கூடப் போகும் தன்னார்வலர்களில் பார்ட்டிக்காரர், பள்ளிவாசல்காரர், கோவில் கமிட்டிக்காரர் எல்லாரும் உண்டு. அதில் நாங்களும் சிலர். எங்களுக்குத் தனி நாற்காலி கிடையாது.

என்ன வேலை என்று கேட்பீர்கள். பக்கவாதத்தில் கிடக்கிற ஒரு அப்பச்சன். மனைவிக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் ஊரில் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். அந்த அம்மச்சி ஒற்றையாக எப்படிப் புரட்டுவார்? விரிப்பை மடித்து அடியில் கொடுத்து, ஒருவர் தோளிலும் ஒருவர் இடுப்பிலும் பிடித்து உருட்டுவதை நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். நகம் வெட்டுவோம், முகம் மழிப்போம். முக்கியமான வேலை வேறு: நாங்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்தால், அம்மச்சி பென்ஷன் வாங்கப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், சும்மா பக்கத்து வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருக்கலாம். அவர் கேட்டது அந்தக் கடைசி ஒன்றைத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை முதல்நாளே சொல்லப்பட்டது. அவர்களாகக் கேட்காமல் ஜெபமும் கிடையாது, பிரசங்கமும் கிடையாது.

தமிழ்நாட்டுப் பக்கம் வழியில்லை என்று நினைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. அந்த நர்சிடம் போய், ‘உங்கள் பட்டியலில் ஆள் துணை இல்லாத வீடு எது?’ என்று கேளுங்கள்.

ரப்பர்_ஷீட்

›அவர்களாகக் கேட்காமல் ஜெபமும் கிடையாது, பிரசங்கமும் கிடையாது.

மோளே, நல்ல வேலைதான், கும்பிடுகிறேன். ஆனால் பிறகு நாம் எதற்கு? இதைப் பார்ட்டிக்காரனே செய்கிறானே. மெடிக்கல் காலேஜ் வாசலில் தினமும் பொதிச்சோறு கொடுக்கிறார்கள், வீடு வீடாகச் சேகரித்து. அதில் சுவிசேஷம் எங்கே இருக்கிறது?

பாறசாலை_நர்ஸ்

சித்தப்பா, அந்தப் பொதிச்சோற்றில் எங்கள் தெரு முறை வரும்போது நானும் ஒரு பொதி கட்டிக் கொடுக்கிறேன். வாழையிலையை வாட்டி, சோறு, தோரன், முட்டை, ஓரத்தில் சம்மந்தி. சேகரிக்க வரும் பையனுக்கு நான் சபைக்காரி என்று தெரியும், எனக்கு அவன் பார்ட்டிக்காரன் என்று தெரியும். வாங்கிச் சாப்பிடும் கூட்டிருப்புக்காரருக்கு (நோயாளிக்குத் துணையிருப்பவருக்கு) இரண்டும் தெரியாது.

லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எழுபது பேரை அனுப்பும்போது, பையும் பணமும் வேண்டாம், ஒரு வீட்டில் தங்கு, அவர்கள் முன்னால் வைப்பதைச் சாப்பிடு, வீடு வீடாக மாறிக்கொண்டிருக்காதே என்றுதானே சொல்லியிருக்கிறது? போனவர்கள் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், வாங்கிச் சாப்பிடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். நாம் எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நின்று பழகிவிட்டோம். நான் போகிற வீடுகளில் ஒன்றில் நாமம் ஜபிப்பார்கள், ஒன்றில் நிஸ்காரப் (தொழுகை) பாய் விரித்திருக்கும். அவர்கள் தரும் சாயாவைக் குடிப்பேன். ‘நீங்க ஏன் வாரீங்க?’ என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டால் சொல்வேன். ஒளிப்பது இல்லை.

காட்பாடி_லைன்

வேலூர் பக்கம் ஒரு வரி. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி உள்ள லாட்ஜ்களில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ வந்த நோயாளிக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். கடைப் பலகைகளே வங்காளியில் இருக்கும். சித்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர்களும் அதிகம். எங்கள் குழுவில் ரயில்வேயில் வேலை பார்த்து இந்தி தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஜெபத்தில் வாய் திறக்கவே மாட்டார். அவரை லாட்ஜ் பக்கம் கூட்டிப்போனோம். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, டோக்கன் எங்கே என்று காட்டுவது, இவ்வளவுதான் வேலை. மனிதர் ஆளே மாறிவிட்டார். உங்கள் குழுவில் கல்ஃபில் இருந்து திரும்பியவர் யாராவது இருப்பாரே? இந்தி தெரிந்திருக்கும். லைன் வீட்டுக்கு அவரை முன்னால் விடுங்கள்.

மேல்புறத்து_அக்கா

அந்த லைன் வீட்டு விஷயத்தில் ஒன்று. போர்வை, அரிசி என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் கூலி வாங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிற ஆட்கள், பிச்சைக்காரர்கள் இல்லை. எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது, கையில் ஆணி குத்தியபோது ஆஸ்பத்திரியில் கூட நின்று பேச ஒரு ஆள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாலிபால் விளையாட ஒரு இடம். சபை மைதானம் சும்மாதானே கிடக்கிறது? கமிட்டி அனுமதி வாங்குவதற்குள் எங்களுக்குத் தலைமுடி நரைத்துவிட்டது, அது வேறு கதை.

வந்துபோனவன்

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். கிரேக்கம் பேசுகிற விதவைகளுக்குப் பந்தியில் குறைவு வைக்கிறார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. எருசலேம்காரர்கள் கமிட்டி போட்டு ‘இனி கவனமாக இருப்போம்’ என்று தீர்மானம் எழுதவில்லை. பொறுப்பை ஏற்ற ஏழு பேரின் பெயரையும் பாருங்கள், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எல்லாம் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்தாரிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

ரப்பர்_ஷீட்

நான் வெளியாளுக்கு எதிரி இல்லை, எல்லோரும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் தென் திருவிதாங்கூர் சபையே வெளியாள் வந்து உண்டானதுதான். மயிலாடியில் இருந்து வேதமாணிக்கம் தஞ்சாவூர் போனார். அதன் தொடர்ச்சியாக ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரி கதை இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்து டாக்டர் சோமர்வெல் 1922இல் எவரெஸ்ட் ஏறப்போனவர். மலையில் இருந்து இறங்கி ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளையும், ஒற்றையாக அறுவை செய்துகொண்டிருந்த டாக்டரையும் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டார். என் அப்பா அவரைப் பற்றிச் சொல்லாத நாள் கிடையாது.

நான் கேட்பது வேறு. ஒரு குழுவில் மனம் திறந்து பேச முடிவது, கேட்கிறவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான். மகன் குடிக்கிறான் என்று ஒரு தகப்பன் அழுகிற அறையில் வாராவாரம் புது முகம் இருந்தால், அந்தத் தகப்பன் வாயை மூடிக்கொள்வான். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கம்பம்மெட்டு_ஜீப்

நியாயமான கேள்வி, ஐயா. நாங்கள் இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதில்லை. மாதத்தில் கடைசி வாரம் குழு கூடுவதே கிடையாது. அன்றைக்கு எல்லோரும் வெளி வேலைக்குப் போக வேண்டும். மற்ற வாரங்களில் புதியவர்கள் வரலாம், பாட்டு, வசனம், பொது விண்ணப்பம். அழுகிற விஷயங்களுக்கு ஆண்கள் மூன்று பேர், பெண்கள் மூன்று பேர் என்று தனியாக உட்காருவார்கள். இருபது பேர் முன்னால் மகன் குடிக்கிறான் என்று சொல்ல எப்படியும் யாரும் விரும்புவதில்லை. சொன்னவர்கள் மறுநாள் டீக்கடையில் அதைக் கேட்டும் இருக்கிறார்கள்.

பிரிப்பதைப் பற்றி: பாதிக்குப் பாதி பிரித்தால் அது பாகப்பிரிவினை மாதிரிதான் முடியும், அளவு பார்ப்பார்கள், மனஸ்தாபம் மிஞ்சும். இரண்டு குடும்பத்தை மட்டும், அவர்கள் சம்மதித்தால், புது இடத்துக்கு அனுப்புங்கள். அதுவும் நல்ல குடும்பங்களாக. அந்தியோகியா சபை பர்னபாவையும் சவுலையும் அனுப்பியது, வேண்டாதவர்களை அல்ல. எங்களுக்கு இதில்தான் சிரமம். அனுப்பத் தகுதியானவர்களை யாரும் விடமாட்டார்கள்.

கிழக்கேவீடு

ஒரு சின்ன யோசனை. உங்கள் ஊரில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன், நூலகம், பால் சொசைட்டி, கிராமசபை என்று எத்தனையோ கூட்டம் நடக்கும். அங்கே உங்கள் ஆட்களை நான் பார்ப்பதில்லை. கேட்டால் ‘சாயங்காலம் ஜெபம்’, ‘சாயங்காலம் கொயர் பிராக்டிஸ்’. வாரத்தில் ஒருநாளைச் சபை உங்களுக்கு லீவு விட்டால்தான் ஊருக்கு நீங்கள் கிடைப்பீர்கள்.

பனச்சமூடு_பையன்

கிழக்கேவீட்டு அண்ணன் சொன்னது சுருக்கென்று இருந்தது. எங்கள் குழுவில் ஒருவருக்கு வாரத்தில் ஐந்து சாயங்காலம் சபை வேலை.

நேற்று குழுவில் பேசினோம். கட்டன்சாயா விதி நிறைவேறியது, ஒருவர் மட்டும் கோபம். நோட்டீஸ் கைவிடப்பட்டது. பிரிப்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாதக் கடைசி வெள்ளியில் கூட்டம் இல்லை என்றதற்கு மூத்தவர்கள் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் இருந்து ஜெபிப்பார்களாம், மற்றவர்கள் போகட்டும் என்றார்கள். அதுவும் நல்லதுதான். சவூதியில் இருந்து வந்த ஒரு மாமா லைன் வீட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டார், எங்களிடம் சொல்லாமலே. அங்கே ஒருவனுக்கு ஆதார் அப்டேட் பிரச்சினையாம். திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிறார்.

நர்ஸ் அக்கா, வலி தணிப்பு நர்சிடம் பேசினேன். எங்கள் ஏரியாவில் இரண்டு வீடு சொன்னார். ஒன்றில் சின்ன வயதுக்காரர், ரப்பர் தோட்டத்தில் மரத்தில் இருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டவர். ஆண்கள்தான் வேண்டுமாம். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ரப்பர்_ஷீட்

ரப்பர் தோட்டக்காரன் என்றால் நானும் வருகிறேன். பேச ஏதாவது இருக்கும். காலையில் பால் எடுத்து உறைய வைத்துவிட்டுத்தான் வர முடியும், பதினொன்று ஆகும்.

பாறசாலை_நர்ஸ்

பதினொன்று சரியான நேரம், சித்தப்பா, குளிப்பாட்டி முடித்திருப்பார்கள். முதல் தடவை நர்சோடு சேர்ந்தே போங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பழமும் ஹார்லிக்சும் வாங்காதீர்கள், அந்த வீட்டில் அது குவிந்துகிடக்கும். கை கழுவ சோப்பு, ஒரு நகவெட்டி, மழிக்கிற செட் போதும். பைபிளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். காலில் உணர்ச்சி இருக்காது, அதனால் சூடான எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், சாயா டம்ளரைக்கூட. அவர் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடாதீர்கள், முதல் சில வாரம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.